வலைக் கொப்பரையில் மூன்று சட்டைகள்

நான் எத்தனை கத்தினாலும் காதில் வாங்காமல் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகும் என் அக்காவுக்கு,

‘இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலமறிய அவா’ என்று முதல் வரியை எழுதி அடித்துவிட்டேன். பழக்கத்தில் கை போய்விட்டது. நீ எனக்குப் போட்ட கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். அவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் நான் பதில் போட்டேன். அதுவும் ‘வேலை அதிகம், நேரில் பேசலாம்’ என்று இரண்டே வரி. இப்போது நேரில் பேச வழியில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

வருகிற ஆடியில் உனக்கு வருஷத் திதி. படித்த பையன், படத்துக்கு முன்னால் நாலு வார்த்தை எழுதிப் படி என்று உன் புகுந்த வீட்டு ஆட்கள் சொல்கிறார்கள். ‘பண்பின் சிகரமே’ என்று ஆரம்பித்தால் படத்திலிருந்து நீயே சிரித்துவிடுவாய். எனக்கு அது வரவும் வராது. பொங்கலுக்கு நடந்த ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதையே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் செய்தி. உன் மகள் சாந்திக்கு முன்பல் இரண்டும் விழுந்து, ஒன்று பாதி முளைத்திருக்கிறது. மூன்றாவது வகுப்பு போகிறாள். உன் தெருமுனை வரைக்கும் கரண்ட் கம்பம் வந்துவிட்டது, வீட்டுக்கு இன்னும் வரவில்லை. உன் வீட்டுக்காரர், அதுதான் மாமா, நைலான் வலை வாங்கிவிட்டார். நூல் வலைக்குப் போடுவது போல அதற்கு மரப்பட்டைச் சாயம் காய்ச்ச வேண்டியதில்லை. வலைக்குச் சாயம் காய்ச்சும் அந்தப் பெரிய இரும்புக் கொப்பரை வேலையில்லாமல் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள். பின்னால் வரும்.

போன வருஷம் சித்திரையில் லீவு போட்டு வந்தேனே, அப்போது நீ கேட்டாய். சாந்தியின் வெள்ளைப் பாவாடை பழுப்பேறிப் போச்சு, ஒரு பொட்டலம் ரோஸ் சாயம் வாங்கிவந்து போட்டுக் குடுடா என்று. நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நூலாலையில் சாயப் பிரிவு சூப்பர்வைசர். டிப்ளமோக்காரன். சாதாரணமாகத்தான் கேட்டாய். நான்தான் எகிறினேன்.

“நான் படிச்சது டன் கணக்குல நூலுக்குச் சாயம் போட. உன் பொண்ணு பாவாடைக்கு இல்ல.”

“ஆமா ஆமா. சாயத்துக்குப் படிச்சவன் ஊட்டுல ஒரு துணிக்கு கலர் இல்ல பாரு,” என்று சிரித்துவிட்டுக் குழம்பைக் கிண்டப் போனாய்.

அதே லீவில் என் பழைய நீலச் சட்டை ஒன்று காணாமல் போனது. கொடியில் போட்டதை எவளுக்குத் தூக்கிக் கொடுத்தாய் என்று உன்னைப் பிடித்துக் கத்தினேன். நீ வாயே திறக்கவில்லை. ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் எனக்குத் தந்தி வந்தது. அந்த நீலச் சட்டைக்கும் அந்தத் தந்திக்கும் நடுவில் நாம் ஒழுங்காகப் பேசிக்கொண்டது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கிறேன். அதிகம் இல்லை.

உன் நாத்தனார் தனம்மாதான் இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். நல்லவள். ஆனால் சட்டம் பேசுவாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை, புதுத்துணி இல்லை. தீபாவளியன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கவுனைக் காட்ட வாசலுக்கு வந்தபோது சாந்தி கதவைச் சாத்திவிட்டாளாம். எனக்குத் தனம்மா சொல்லித்தான் தெரியும். அவளே அதைச் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் நான் போய் இறங்கினேன். ஊர் முழுக்கக் கோலம், கரும்பு. உன் வாசல் வெறுமையாக இருந்தது. சாந்தி என் பையைப் பார்த்தாள். நான் தின்பண்டம் வாங்கியிருந்தேன், துணி வாங்கவில்லை. வாங்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

“நாளைக்குக் காணும் பொங்கல் மாமா. பசங்க எல்லாம் படவுல அக்கரைக்குப் போவுது,” என்றாள்.

“நீயும் போ.”

“நா போவல.”

“ஏன்?”

“எல்லாம் புதுசு போட்டுனு வரும்.”

அதோடு சரி. கரும்பை எடுத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தாள். கடிக்கவில்லை. முன்பல் இல்லாததால் என்று நினைத்தேன். அதனால் இல்லை.

நேராகத் தனம்மாவிடம் போனேன். என் குணம் உனக்குத் தெரியும். “யார் போட்ட ரூல் இது? ஏழு வயசுப் பொண்ணு புதுச் சட்டை போட்டா செத்தவளுக்கு இன்னா கொறஞ்சு போவும்?” என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “உங்க அக்காவுக்கு நாங்க செய்யற மரியாத தம்பி இது. உன் பேக்டரி ரூல் இல்ல, சங்கு ஊதினா மாத்திக்க. எங்கூட்டுக்கு வந்து பத்து வருஷம் ஒழைச்சிக் கொட்டினவ. ஒரு வருஷம் கோடித்துணி உடுத்தாம இருக்க மாட்டமா நாங்க?”

உன்னை அவள் மறக்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். பத்து வருஷம் நீ அங்கே உழைத்ததை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவள் எண்ணியிருக்கிறாள்.

“புதுசுதானே கூடாது? பழசுக்குச் சாயம் போட்டா?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “பழசு பழசுதான். கலரு மாறினா புதுசாயிடுமா?” என்றாள்.

அவ்வளவு போதும் எனக்கு. கடையெல்லாம் மூடிவிடுமே என்று சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினேன். பாதி சாத்திய கடையில் ஒரே ஒரு ரோஸ் பொட்டலம் கிடைத்தது. நீ கேட்ட அதே ரோஸ். வாங்கிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் உன் குழம்புச் சட்டிதான் ஞாபகம்.

சாந்தியின் போன வருஷத்துப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்று, மாமாவின் வெள்ளை அரைக்கைச் சட்டை ஒன்று. இரண்டையும் எடுத்து வைத்தேன். சாந்தி உள்ளே போய் உன் டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள். வரும்போது கையில் மூன்றாவதாக ஒன்று இருந்தது.

“இத்தையும் போடு மாமா.”

வெள்ளைக் காடாத் துணியில் ஆம்பளைச் சட்டை. காலர் முடிந்திருந்தது. கை மூட்டியிருந்தது. காஜா கூடப் போட்டிருந்தது. பட்டன் மட்டும் இல்லை. அதற்குள்ளே சுருட்டி வைத்திருந்தது என் பழைய நீலச் சட்டை.

“அம்மா உனுக்கு தச்சிது. அளவுக்கு உன் சட்டைய எடுத்து ஒளிச்சி வச்சிகினு கீதுன்னு என்னாண்ட சொல்லிச்சு. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு.”

அக்கா, நான் கத்தியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உனக்குத்தான்டா தைக்கிறேன், மடையா என்று சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? தையல் மெஷின் கூட இல்லாத வீட்டில், வீட்டு வேலைக்கு நடுவில், கையாலேயே எத்தனை நாள் தைத்தாய்?

தனம்மா சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாதாம். பிறகு மெதுவாக, “இது கோடி ஆச்சே தம்பி,” என்றாள். உடம்பில் படாதது, தண்ணீர் காணாதது. புதுசு.

சாந்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை. தனம்மா பார்த்தாள். எழுந்துபோய், சட்டையைத் தண்ணீர் வாளியில் அமுக்கி எடுத்தாள். சொட்டச் சொட்ட என் கையில் கொடுத்தாள்.

“நனஞ்சி போச்சு. தண்ணி பட்டா கோடி இல்ல. போய் கலரு போடு போ.”

சட்டம் பேசுகிறவளுக்குத்தான் சட்டத்தில் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியும் போலிருக்கிறது.

இனிமேல் என் கதை. ஏனம் கேட்டேன். “சோறாக்கற குண்டான்ல சாயமா? கைய வச்சி பாரு,” என்று தனம்மா கரண்டியைக் காட்டினாள். கொட்டகையில் கிடந்த கொப்பரையைப் புரட்டி நிமிர்த்தினேன். உள்ளே கறுப்பாக, காய்ந்து கிடந்தது. இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டினேன்.

“மாமா, இதுலதான நைனா வலைக்குப் பட்ட காய்ச்சுவாரு. தேய்ச்சிக் கழுவ வேணாமா?” என்றாள் சாந்தி.

“கழுவியாச்சு. நீ வேலயப் பாரு.”

இதை எழுதும்போதே கூசுகிறது. சரி, மேலே போகிறேன்.

ஆலையில் செய்வது போலவே செய்தேன். சட்டைகளை மாமா மீன் நிறுக்கும் தராசில் எடை பார்த்தேன். எடைக்குத் தகுந்த சாயம், சாயத்துக்குத் தகுந்த உப்பு. என் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாந்தி கையில் கட்டி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் குரல் கொடுக்கச் சொன்னேன். முழங்கை வரைக்கும் தள்ளிக் கட்டியும் அது கழன்று விழுந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் சூடாகி, சாயம் கரைந்து, துணி உள்ளே போனதும் கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஐ! ரோஸு!”

உண்மையில் ரோஸ்தான். நல்ல, தெளிவான ரோஸ். நான் சாயமேற்றிய எந்த நூலையும் பார்த்து யாரும் அப்படிக் கத்தியதில்லை. கவர்னர் மாதிரி நின்றேன். “நாளைக்குப் படவுல உன் சட்டதான் பர்ஸ்ட்டு,” என்றேன். “பர்ஸ்ட்டு!” என்று அவளும் சொல்லிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

“அஞ்சு நிமிஷம்!” என்றாள். கிளறினேன். “பத்து நிமிஷம்!” கிளறினேன். “பதினஞ்சு நிமிஷம்!” என்றவள் நின்றாள். “மாமா, தண்ணி கறுக்குது.”

குச்சியால் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ரோஸ் இல்லை. நாவற்பழத்தைக் கடித்துத் துணியில் துப்பினால் ஒரு கறை வருமே, அது. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. கொப்பரையின் சுவரில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த பட்டைச் சாறு சூட்டில் கரைந்து இறங்கியிருக்கிறது. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. எழுதுகிற மை. முதல் வருஷத்துப் பாடம் அக்கா. அதில் நான் நல்ல மார்க்கு வாங்கினேன்.

மூன்றையும் எடுத்துப் பிழிந்து, வலை காயும் கயிற்றில் போட்டேன். சாந்தி என் பக்கத்தில் நின்றாள். கடிகாரத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இது ரோஸா மாமா?”

காய்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆலையில் சரக்கு எடுக்கிற பார்ட்டி வந்து நின்றால் அப்படித்தான் சொல்வோம்.

“இல்ல. நான் தப்பு பண்ணிட்டேன்.”

“நா கேட்டேன்ல, தேய்ச்சிக் கழுவ வேணாமான்னு?”

“கேட்ட.”

“நீ இன்னா சொன்ன?”

“வேலயப் பாருன்னு சொன்னேன்.”

“ம். இன்னொரு தபா போடு,” என்றாள்.

வேறு பொட்டலம் இல்லை. கடை இல்லை. இருந்தாலும் இருண்ட துணியை வெளுக்க வைக்க என்னால் அந்த வீட்டில் முடியாது. அதைச் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தனம்மா சொன்ன தீபாவளிக் கதவு இதுதான் என்று அப்போது தெரிந்தது. ஒரு பொட்டலம் சாயம் கேட்ட உன்னை நான் வெறுங்கையோடு அனுப்பிவைத்தேன். அதே சாயத்தை வாங்கிவந்து உன் மகளையும் அனுப்பிவைத்துவிட்டேன். கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். தனம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பொழுது சாயும் நேரத்தில் மாமா வந்தார். பொங்கலுக்கு ஊர்ப் படகெல்லாம் கரையில் இருக்க, அவர் மட்டும் உப்பு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார். நீ போன பிறகு அவர் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. ‘வா’ என்பார், ‘சாப்ட்டியா’ என்பார், அவ்வளவுதான். கயிற்றைப் பார்த்தார். மூன்று சட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னா மச்சான் இது? வலைக்கு பதிலா சட்டய வுட்டு மீன் புடிக்கப் போறியா?”

“கொப்பரை, மாமா,” என்றேன்.

“எந்தக் கொப்பர?” என்றவர் கொட்டகையைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாக, தோளில் கிடந்த துண்டு விழும்படி. “அட பேஜாரே! இதுக்காடா அத்தினி வருஷம் படிச்ச? எங்கள கேட்டா நாங்க சொல்லமாட்டமா? சாந்தி! ஏ சாந்தி! இங்க வா. உங்க மாமன் இன்னா பண்ணி வச்சிகீறான் பாரு!”

கதவு கொஞ்சம் திறந்தது. “எனுக்குத் தெரியும். நாதான் மொதல்லயே சொன்னேன்,” என்றது உள்ளிருந்து குரல்.

“சொன்னியா? அப்புறமும் கேக்கலியா இவன்?”

“கேக்கல.”

மாமா ஈரச் சட்டையை எடுத்து உதறி, அப்படியே உடம்பில் மாட்டிக்கொண்டார். “உப்புத் தண்ணிக்கு அசையாது பாரு இந்தக் கலரு. நாளைக்கு நா இத்தப் போட்டுகினுதான் படவ தள்ளப் போறேன். வரியா இல்லியா நீ?”

முழுக்கத் திறந்தது கதவு. சாந்தி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். என்னைக் காட்டி, “மாமாவும் போட்டாதான் வருவேன்,” என்றாள்.

என் சட்டைக்குப் பட்டன் இல்லை. உன் பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். ஒன்றோடு ஒன்று சேராத பட்டன்கள். பொறுக்கி ஐந்தை எடுத்தாள். நாலு வெள்ளை. ஐந்தாவது, எந்தக் குழந்தைச் சட்டையிலிருந்தோ நீ கழற்றி வைத்தது, குட்டியாக ஒரு ரோஸ் பட்டன்.

“இது மேல வரணும்,” என்றாள்.

வைத்தது மாமா. மீதமிருந்த நைலான் நூலை ஊசியில் கோத்து, வலைக்குப் போடும் முடிச்சையே போட்டு, ஒவ்வொன்றாக வைத்தார். நான் விளக்கைப் பிடித்தேன். கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்துவிட்டு, நீ தைத்த கையோரத்தை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார்.

மறுநாள் படகில் மூன்று பேரும் ஒரே நிறத்தில் ஏறினோம். சரிகைப் பாவாடையில் வந்த ஒரு பெண், “இன்னா சாந்தி, சேத்துல வுழுந்து வந்தீங்களா குடும்பத்தோட?” என்று கேட்டது. சாந்தி என் நெஞ்சைக் காட்டினாள்.

“இது எங்கம்மா தச்சிது. எங்க மாமா கெடுத்துது. எங்க நைனா பட்டன் வச்சிது. உனுக்கு யாரு பண்ணாங்க? கடைதானே?”

மாமா கழியை ஊன்றித் தள்ளினார். அக்கரை வந்து சேரும் வரைக்கும் சாந்தி படகின் முனையில்தான் உட்கார்ந்திருந்தாள், எல்லாரும் பார்க்கும்படி.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்தச் சட்டையை இருபது தடவைக்கு மேல் துவைத்தாயிற்று. நானே சோப்புப் போட்டு, வெயிலில் போட்டு, சோதித்துப் பார்த்தேன். சாயம் இம்மியும் போகவில்லை. ஆலையில் நான் கணக்குப் போட்டு ஏற்றும் எந்தச் சாயமும் இப்படி நின்றதில்லை. ஷிப்டில் இருக்கிற பையன்கள், “சார், எந்த ஷேடு இது?” என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. கைப் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது. நான் இன்னும் சதை போடுவேன் என்று விட்டு வைத்தாயா? வெள்ளைத் துணியாக எடுத்தது ஏன்? கடையில் கலர்த் துணி இல்லையா, இல்லை, ஒருநாள் நானே சாயம் போட்டுக்கொள்வேன் என்றா?

ஆடியோடு தனம்மாவின் ஒரு வருஷம் முடிகிறது. இந்தத் தீபாவளிக்குச் சாந்திக்குக் கடையில் புதுத்துணி எடுக்கலாமா என்று கேட்டேன். கடைத்துணி வேண்டாமாம். வெள்ளைத் துணியாக வாங்கிவந்து, வீட்டிலேயே ரோஸ் போட வேண்டுமாம். தனம்மா தைத்துக் கொடுப்பாளாம்.

போடுகிறேன் அக்கா. இந்தத் தடவை கொப்பரையை நானே மணல் போட்டுத் தேய்ப்பேன். ஒருதரம் இல்லை, மூன்றுதரம். தேய்த்து முடித்ததும் உன் மகளைக் கூப்பிட்டு உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்வேன். அவள் ‘சரி’ என்ற பிறகுதான் அடுப்பை மூட்டுவேன்.

நெஞ்சில் ரோஸ் பட்டனோடு,
நீ அளவெடுத்தது தெரியாமல் கத்திய உன் தம்பி